சாமியார் கார் கிளம்பவில்லை

அத்தியாயம் 14

ராஜமேரியைப் பற்றி இத்தனை வாரமாக நல்லபடியாக நினைத்திருந்தவர்களுக்குப் போன வாரம் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எனக்கும்தான் மனசு கேட்கவில்லை. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல முடியுமா? புருஷன் சவரி கோயிலில் சீரியல் லைட் கட்டப் போயிருந்த நேரம் பார்த்து, ஷெட்டுக்குள் புகுந்து, காரின் பானட்டைத் தூக்கி, புத்தம்புது ரோட்டாரைக் கழற்றிக்கொண்டு, விரிசல் விட்ட பழையதை அந்த இடத்தில் மாட்டிவிட்டு வந்தவள் சாட்சாத் ராஜமேரியேதான்.

ரோட்டார் என்றால் பெரிய சாமான் ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கறுப்பாக ஒரு துண்டு, அதன் தலையில் ஒரு பித்தளைத் தகடு. இஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்துப் பொறியைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான். அதில் முடியளவு விரிசல் விழுந்தால் போதும், பொறி பாதி வழியிலேயே ஓடிப்போய்விடும். இஞ்சின் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கிளம்பாது.

"இது ஒண்ணு கெட்டுச்சுன்னா வண்டி வெறும் தகர டப்பா மேரி" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே சவரிதான். பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே அவள் பாதி மெக்கானிக் ஆகியிருந்தாள்.

இவளுக்கு எதற்கு இந்தப் பாவம் என்று கேட்பவர்களுக்கு, பழசைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சவரி பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். ஒருநாள் காலையிலேயே போதையோடு வேனை எடுத்தான். வேன் ராகிக் கொல்லைக்குள் இறங்கியது. பிள்ளைகளுக்குக் கீறல்கூட இல்லை, மாதா காப்பாற்றினாள். ஆனால் அன்றிலிருந்து ஊரில் ஒருத்தரும் அவன் கையில் சாவி கொடுப்பதில்லை. டிவிஎஸ் வண்டிச் சாவிகூட.

மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பி வந்தவன் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் நின்றான். கோயில் காம்பவுண்டில் வேப்பமரத்தடியில் ஒரு பழைய ஃபியட் கார் கிடந்தது. எந்தக் காலத்துச் சாமியார் ஓட்டியதோ! பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "சுவர் கட்ட இடைஞ்சலா இருக்குது, எடுத்துட்டுப் போப்பா" என்றார் சாமியார். பக்கத்து வீட்டுக் காளியப்பன் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து, முன்னே பட்டுப்புழு வளர்த்த ஷெட்டில் கொண்டு நிறுத்தினான். அன்று முதல் சவரி குப்பியைத் தொடவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தால்தானே குப்பியைத் தொடுவதற்கு!

மையத்தில் இருந்த சிஸ்டர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தாள். "அவருக்கு எப்பவும் கை நிறைய வேலை இருக்கணும்மா. வேலை முடியுற நாள்தான் ஆபத்து."

ராஜமேரி இதைச் சுவிசேஷமாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? போர்வெல்லில் தண்ணீர் வந்த நாள், குடித்தான். வீட்டுக்குக் காங்கிரீட் போட்டு முடித்த நாள், குடித்துவிட்டு அந்தக் காங்கிரீட்டின் மேலேயே படுத்துக் கிடந்தான். மகள் ஆக்சிலியா நர்சிங் முடித்துச் சான்றிதழ் வாங்கிய நாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முடிந்தது என்று அவன் வாயால் சொன்ன நாளெல்லாம் அவளுக்கு அழுகையில்தான் முடிந்திருக்கிறது.

போன வாரம் கார் முதன்முதலாக உறுமியபோது, சவரி ஷெட்டிலிருந்து ஓடிவந்து, "முடிஞ்சுதுடி மேரி!" என்று கத்தினான். அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. மறுநாள் சாயங்காலம் ரோட்டார் மாறியது.

அது முதல் தடவையும் அல்ல. முன்னே ஸ்பேனரை ஒளித்து வைத்திருக்கிறாள். ஹாரன் வயரைப் பிடுங்கி விட்டிருக்கிறாள். பிளக் வாசரை எடுத்து அரிசி டின்னில் போட்டிருக்கிறாள். பிரேக் பக்கம் மட்டும் போனதே இல்லை. ஆளுக்கு ஆபத்து வரும் எதையும் அவள் தொடமாட்டாள். வேலை கொஞ்சம் நீளட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அந்தக் கணக்கு எங்கே போய் முட்டியது என்பதுதான் இந்தச் சனிக்கிழமை.

* * *

"திருப்பு மேரி."

ராஜமேரி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இஞ்சின் சுற்றியது. கிளம்பவில்லை.

"இன்னொரு வாட்டி."

திருப்பினாள்.

"போதும், போதும். பேட்டரி எறங்கிடும்."

பானட்டுக்கு அந்தப் பக்கம் சவரியின் தலைமுடி மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. நல்லவேளை, முகம் தெரியவில்லை. தான் கெடுத்து வைத்த வண்டியைத் தானே சாவி போட்டுத் திருப்புகிற நிலைமை எந்தப் பொம்பளைக்கும் வரக்கூடாது.

விடிந்தால் அந்தோணியார் திருவிழா. காலைப் பூசை முடிந்ததும் வாகன மந்திரிப்பு. ஊரிலிருக்கிற டிராக்டர், டெம்போ, பைக் எல்லாம் கழுவி மாலை போட்டு வந்து கோயில் முன்னால் வரிசை கட்டும். சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். இந்த வருஷம் முதல் தீர்த்தம் சவரி வண்டிக்குத்தான் என்று பூசையிலேயே அறிவித்துவிட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு சவரி நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வந்ததை ராஜமேரியும் பார்த்தாள்.

"காயிலு மாத்தியாச்சு. கண்டென்சர் மாத்தியாச்சு. பாயிண்ட்டு தேச்சாச்சு. கேப்பு புதுசு" என்று சவரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். "காயில்ல கரண்ட்டு நல்லா வருது. பிளக்குக்கு மட்டும் வர மாட்டேங்குது. நடுவுல எங்க போகுது?"

ரோட்டாரை மூடியிருக்கும் கேப்பைத் திறந்தான். ரோட்டாரைக் கழற்றி விரல் நுனியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

ராஜமேரி சீட்டிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். பழசைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புதுசு மாதிரி ஆக்கி வைத்தது அவள்தான். ஆனாலும் கண்டுபிடித்துவிட்டால்? ஒரு பக்கம் கண்டுபிடித்துவிடேன் என்றும் இருந்தது அவளுக்கு. இந்த வேதனை தீர்ந்துவிடும் அல்லவா?

"இது போன வாரம் மாட்டுனது. இதுல ஒண்ணுமில்ல" என்று திரும்பவும் மாட்டினான் சவரி. பித்தளைத் தகட்டைச் சட்டை நுனியில் துடைத்தான். "பளபளன்னு இருக்குது."

"ஏங்க, கொஞ்சம் டீ குடிச்சிட்டு அப்பறம் பாக்கலாங்க."

"டீயா எனக்குக் கேடு? விடிஞ்சா மந்திரிப்பு!"

அவன் கை நடுங்கியது. ஸ்பேனர் நழுவி ரேடியேட்டர் மேல் விழுந்து சத்தம் போட்டது. எடுத்தான். மறுபடி நழுவியது.

"இந்தக் கைய வெட்டிப் போடணும்" என்றான்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"நேத்து இந்த போல்ட்ட நான் டைட் பண்ணனா, இல்லியா? நீ பக்கத்துலதான இருந்த?"

அந்த போல்ட்டை அவள் தொடவே இல்லை. அவன் டைட் பண்ணியதை அவள் கண்ணால் பார்த்தாள். "பண்ணீங்க" என்றாள்.

"சும்மா எனக்காகச் சொல்லாத. பண்ணனா?"

"சத்தியமா பண்ணீங்க."

அவன் நம்பவில்லை. இறுகியிருந்த போல்ட்டை மறுபடி இறுக்கினான். மறுபடியும் தொட்டுப் பார்த்தான்.

* * *

வெயில் ஏறும்போது ஆக்சிலியா வந்து சேர்ந்தாள். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராத்திரி டியூட்டி முடித்து, தூங்காமல் கொள்ளாமல் பஸ் மாறி மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய பை நிறைய ரிப்பன், பலூன், காரின் முன்னால் கட்ட கலர் காகிதப் பூ.

"அப்பா! வண்டி ரெடியா? ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கப்பா!"

சவரி பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமல், "உங்கொம்மா கைல டீ வாங்கிக் குடி சாமி. இதோ ஆயிடும்" என்றான்.

ஆக்சிலியாவின் சிரிப்பு அப்படியே நின்றது. பையை ஷெட்டு வாசலில் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகச் சமையல்கட்டுக்குக் கூட்டிப் போனாள்.

"ம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லாதன்னு சொன்னாரு."

"என்னடி?"

"கொஞ்ச நாளாவே தினமும் போன் பண்றாரு. நீங்க கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து."

ராஜமேரி முடிக்க விடவில்லை. "குடிக்கிறாரா?"

"அய்யோ, அது இல்லம்மா! குடிச்சா மூளை கெட்டுப் போகுமான்னு கேக்கறாரு. குடிய நிறுத்துன பொறவும் கெட்டுக்கிட்டே போகுமான்னு கேக்கறாரு."

டீ பாத்திரத்தில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. ராஜமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். ஆக்சிலியாதான் அடுப்பை அணைத்தாள்.

"வெச்ச ஸ்பேனரு வெச்ச எடத்துல இல்லியாம். மாட்டுன வயரு கழண்டு கெடக்குதாம். வாசரு போட்ட ஞாபகம் இருக்குது, ஆனா வாசரக் காணமாம். 'நான் செஞ்சது எதுன்னு எனக்கே தெரியலம்மா'ங்கறாரு. சேலத்துல மூளை டாக்டரு யாராவது இருந்தா விசாரிக்கச் சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணு சொன்னாரு பாருங்க, எனக்கு டியூட்டில நிக்க முடியல."

"என்ன சொன்னாரு?"

"'முத்திப்போச்சுன்னா என்னை எங்கயாச்சும் ஹோம்ல சேத்துட்டு, நீயும் உங்கொம்மாவும் நிம்மதியா இருங்க'ன்னாரு." ஆக்சிலியா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். "குடிச்சப்ப நம்ம மேல கோபமாப் பேசுவாரு. அதக்கூடத் தாங்கிக்கிட்டன். இதத் தாங்க முடியலம்மா."

ராஜமேரி திரும்பினாள். கூடத்தில் பீடத்தின் மேல் அந்தோணியார் சுரூபம் தெரிந்தது. கொஞ்ச நாளாக சவரி காலையில் அதன் முன்னால் ரொம்ப நேரம் நிற்கிறான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் ஆயிற்றே! வண்டிக்காக வேண்டிக்கொள்கிறான் என்று நினைத்திருந்தாள். அவன் தன் புத்தியைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான்.

அந்தச் சுரூபத்துக்குப் பின்னால்தான், ஒரு துணியில் சுற்றி, அவள் புது ரோட்டாரை ஒளித்து வைத்திருந்தாள். கடவுளே, இதைவிட ஒரு கொடுமை உண்டா?

'சொல்லிவிடு' என்றது மனசு. 'சொன்னால் குடிப்பான்' என்றது அதே மனசு. இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் குத்தினாயா என்று கேட்பான். கேட்டுவிட்டு நேரே கடைக்குப் போவான். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் தன்னைப் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டே ஒருநாள் அதே கடைக்குத்தான் போவான்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைதான் நின்றது. யாருக்கும் தெரியாமல் இப்போதே போய் மாட்டிவிடலாமா என்றுகூட யோசித்தாள். அவன் பானட்டை விட்டு நகர்ந்தால்தானே?

* * *

அவன் நகர்ந்தான். அதுதான் வினையாகிப் போனது.

அவள் டீயோடு ஷெட்டுக்குப் போனபோது, சவரி தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தான். முதலில் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்பு, முழங்கை வரை. வேலை நடக்கும்போது கைகழுவுகிறவன் இல்லை அவன். கிரீஸ் கையோடுதான் சோறே தின்பான். முழங்கை வரை கழுவினால் வெளியே கிளம்புகிறான் என்று அர்த்தம்.

ஷெட்டு வாசலில் ஒரு பைக் உறுமிக்கொண்டு நின்றது. பைக்கில் குரு.

குருவை இந்தத் தொடரில் முன்னே பார்த்திருக்கிறீர்கள். மறந்திருந்தால் நல்லதுதான். சவரியோடு குடித்த ஆட்களில் மிச்சம் இருக்கிறவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் வருவான், குடிக்கக் கூப்பிட்டால் ஓடி வருவான். அன்றைக்கு அவனை யாரும் கூப்பிடவில்லை, தானாகவே வந்திருந்தான். கைலி மடிப்பு இடுப்பில் புடைத்துக்கொண்டு நின்றது. அது என்னவென்று ராஜமேரிக்குத் தெரியாதா?

"அண்ணி, ஒண்ணுமில்லீங்க. அண்ணன் மனசு ஒடஞ்சு போயிருக்குது. ஒரு ரவுண்டு வெளிய போயிட்டு வந்தா சரியாயிடும்" என்றான் குரு.

"நீ போடா இங்கிருந்து!"

"அவன ஏன் திட்டற?" சவரியின் குரலில் கோபம்கூட இல்லை. கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். திருவிழாவுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை. பட்டனை மாற்றிப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

பிறகு கார் சாவியை அவள் கையில் வைத்தான்.

"இத உள்ள வெய்யி மேரி. இனி எனக்கு வேணாம்."

"என்னங்க இது? நாளைக்கு மந்திரிப்பு..."

"எதுக்கு? ஊரு சிரிக்கறதுக்கா? சாமியார்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. சவரிக்கு மூளை போச்சு, அவனால ஒரு போல்ட்டு டைட் பண்ணக்கூட முடியலன்னு சொல்லு. குடிச்சே அழிச்சுக்கிட்டான்னு சொல்லு." பைக்கைப் பார்த்து நடந்தான். "இதுக்கு மேல அழியறதுக்கு என்ன இருக்குது? குடிச்சா ஒண்ணு, குடிக்கலன்னா ஒண்ணு."

ஆக்சிலியா ஓடிவந்து குறுக்கே நின்றாள். "அப்பா, வேண்டாம்ப்பா!"

"வழி விடு சாமி."

ராஜமேரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் டீ டம்ளரைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். பீடத்தில் கை வைத்த வேகத்தில் மெழுகுதிரி ஸ்டாண்டு சாய்ந்தது. துணி மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தபோது, சவரி பைக்கின் பின் சீட்டில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தான்.

"உங்க மூளை நல்லாத்தான் இருக்குது!" என்று அலறினாள்.

சவரி திரும்பிப் பார்த்தான்.

துணியைப் பிரித்து உள்ளங்கையை நீட்டினாள். "புது ரோட்டாரு இதுதான். வண்டில இருக்கறது பழசு. நான்தான் மாத்தனன்."

குரு பைக்கை அணைத்தான்.

சவரி காலை இறக்கினான். அவள் கையிலிருந்த ரோட்டாரை எடுக்கவில்லை, குனிந்து பார்த்தான்.

"பத்துக்கு எட்டு ஸ்பேனரு?" என்றான் மெதுவாக.

"நான்தான்."

"ஹாரன் வயரு?"

"நான்தான்."

"பிளக் வாசரு?"

"நான்தான். அரிசி டின்னுல இருக்குது."

"கார்ப்பரேட்டரு திருகு கழண்டு கெடந்துச்சே?"

"நான்தாங்க."

மாதா பிரார்த்தனையில் ஒருத்தர் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்களே, அப்படிக் கேள்வியும் பதிலும் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் சவரியின் முகத்தில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. கடைசியில் மகளைப் பார்த்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லியா சாமி? எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சா?"

"ஒண்ணுமே இல்லப்பா. எல்லாம் உங்களுக்குச் சரியாத்தான் ஞாபகம் இருந்துருக்குது."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். கழுவிய கையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். ராஜமேரி நெருங்கிப் போய் அவன் தோளைத் தொட்டாள். தொட்ட இடம் விறைத்தது.

"ஏன் மேரி?"

சொல்லாமல் தப்ப முடியுமா? சொன்னாள். "வண்டி ஓடிட்டா வேலை முடிஞ்சிரும். வேலை முடிஞ்சா நீங்க குடிப்பீங்கன்னு பயந்துட்டங்க."

"நான் குடிப்பன்னு நெனச்ச."

"பயந்தங்க. எத்தன வாட்டி பாத்துருக்கறன்!"

"அதுக்கு என்னப் பைத்தியக்காரனா ஆக்கி வெச்சிருந்தியா?" அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலை போல இருந்திருக்கும். "ஊருல ஒருத்தனும் என் கைல சாவி குடுக்க மாட்டான். அது எனக்குத் தெரியும், அவனுங்க பிள்ளைங்கள நான் கொல்லப் பாத்தன். ஆனா நீ தெனமும் என் பக்கத்துல ஒக்காந்து ஸ்பேனரு எடுத்துக் குடுத்தியே மேரி. நீ நம்பறன்னுதான நான் இந்த வேலையே செஞ்சன்."

ராஜமேரி இதற்குத் தயாராகவே இல்லை. திட்டுவான், அடிப்பான், கடைக்குப் போவான் என்றெல்லாம் நினைத்துப் பார்த்தவள், இதை நினைக்கவில்லை.

அவன் அவள் கையிலிருந்து ரோட்டாரையும் சாவியையும் எடுத்துக்கொண்டு பானட்டிடம் போனான். கேப்பைத் திறந்தான். பழையதைக் கழற்றினான். "அதான பாத்தன், பித்தளை என்னடா இப்படி மின்னுதுன்னு" என்று முணுமுணுத்தான். புதுசை மாட்டினான். காலையிலிருந்து நடுங்கிய கை இப்போது நடுங்கவே இல்லை. ஆக்சிலியா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாவி போட்டான். களைத்துப் போயிருந்த பேட்டரி இழுத்து இழுத்துச் சுற்றியது. இருமியது. இன்னொரு இருமல். அப்புறம் ஷெட்டே அதிர, கார் உறுமிக் கிளம்பியது. கோழிகள் திசைக்கொன்றாகச் சிதறின. நீலப்புகை வாசல் வரை வந்தது.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுப்பா!" என்று ஆக்சிலியா கைதட்டினாள். தட்டிய கை பாதியில் நின்றது. அப்பாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

முடிந்தது என்று அவன் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்குப் பயந்து இவ்வளவும் செய்தவள், அவன் அதைச் சொல்லமாட்டானா என்று இப்போது ஏங்கி நின்றாள். காரைச் சுற்றி ஓடி, பக்கத்துக் கதவைத் திறக்கப் போனாள். சவரி உள்ளேயிருந்து சாய்ந்து, கதவின் பூட்டை அழுத்தினான்.

"ஏங்க..."

கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி, பழைய ரோட்டாரை அந்த இடுக்கு வழியாக அவள் கையில் போட்டான். "இது உன்னோடது."

கார் நகர்ந்தது. குருவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பைக்கை அப்படியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு, "அண்ணா, நானும் வர்றன்!" என்று ஓடினான். கார் நின்றது. அவனுக்காகப் பூட்டு திறந்தது. இடுப்பு மடிப்பைப் பிடித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

அவனுக்குத் திறந்த கதவு! ராஜமேரி வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

* * *

கேட்டில் நின்று பார்த்தால் மெயின் ரோடு தெரியும். இடது பக்கம் திரும்பினால் கோயில். வலது பக்கம் பாப்பிரெட்டிப்பட்டி. கடை அந்தப் பக்கம்தான்.

கார் ரோட்டு முனையில் போய் நின்றது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

"எடது பக்கம்... எடது பக்கம்..." என்று ஆக்சிலியா முணுமுணுத்தாள். ராஜமேரிக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை. மூடிய கைக்குள் ரோட்டாரின் தகடு குத்தியது. இன்னும் அழுத்தி மூடினாள்.

காரின் கதவு திறந்தது. குரு இறங்கினான். கதவு சாத்திக்கொண்டது.

கார் வலது பக்கம் திரும்பிப் போனது. மாந்தோப்பு வளைவு வரைக்கும் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

"அப்பாவுக்குப் போன் போடுடி!"

ஆக்சிலியா போட்டாள். ஷெட்டுக்குள் டிரம்மின் மேல் சவரியின் போன் அடித்தது. அதையும் விட்டுவிட்டுத்தான் போயிருந்தான்.

குரு வெயிலில் நடந்து வந்து சேர்வதற்குள் ராஜமேரி பாதி தூரம் ஓடிவிட்டாள். அவன் இடுப்பைத்தான் முதலில் பார்த்தாள். புடைப்பு அப்படியே இருந்தது. "காட்டுடா!" என்றாள். குரு வெட்கத்தோடு மடிப்பை விலக்கினான். குப்பி முழுசாக இருந்தது. மூடியின் சீல்கூட உடையவில்லை.

"நான் குடுத்தன் அண்ணி, பொய் சொல்லல. அண்ணன் வாங்கவே இல்லீங்க. 'இத எடுத்துக்கிட்டு எறங்குடா'ன்னுட்டாரு."

"மாதாவே!" ராஜமேரி ரோட்டிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள். ஆக்சிலியா பின்னாலேயே ஓடிவந்தாள். "குடிக்கலடி! உங்கப்பா குடிக்கலடி!" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய ஓட்டிப் பாக்கப் போயிருப்பாரு. சோத்து வேளைக்கு வந்துருவாரு. நாளைக்கு மந்திரிப்பு இருக்குதில்ல?" என்றாள்.

குரு தலையைச் சொறிந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் பைக் நின்ற பக்கம் பார்த்தான்.

"அண்ணி, அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாருங்க."

"சொல்லு."

"வண்டி நாளைக்குக் காலைல மந்திரிப்புக்குக் கோயிலுக்கு வந்துருமாம். அதப் பத்திக் கவலப்பட வேணாமாம்." கைலி மடிப்பை இழுத்து மூடினான். "வூட்டுக்கு வருமான்னுதான் தெரியலன்னு சொல்லச் சொன்னாரு."

ஷெட்டு வாசலுக்குப் போய்ப் பைக்கைக் கிளப்பிக்கொண்டு அவன் போனான். ஆக்சிலியா அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். ஷெட்டு வாசலில் ரிப்பனும் காகிதப் பூவும் பையோடு கிடந்தன. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் ஈரமாக இருந்தது.

"உள்ள வாங்கம்மா. வெயிலு" என்று சொல்லி ஆக்சிலியா கேட்டை இழுத்துச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றாள் ராஜமேரி.